பச்சை விழுந்த டெஸ்டும் காணாமல் போன ப்ராக்ஸியும்: ஸ்பிரிங் ஏஓபியோடு எட்டு வருடம்

தணிக்கை அட்டவணையில் மூன்று வாரமாக ஒரு வரி கூட ஏறவில்லை என்பது ஒரு நாள் தற்செயலாகத்தான் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் எங்கள் டெஸ்ட்கள் எல்லாம் பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஜாவா அப்ளிகேஷன் கட்ட உதவும் ஸ்பிரிங்கில் ஏஓபி என்றொரு வசதி உண்டு: தணிக்கை போன்ற பொது வேலையை ஆஸ்பெக்ட் என்ற தனி கிளாஸில் எழுதினால், நம் பொருளின் முன்னால் ப்ராக்ஸி என்ற இடைப் பொருளை நிறுத்தி அதை ஓட்டும். அப்படி, யார், எப்போது, எந்த ஆர்டரை மாற்றினார்கள் என்று பதிவு செய்ய ஓர் ஆஸ்பெக்ட் வைத்திருந்தோம். அதற்கு யூனிட் டெஸ்ட் இருந்தது, சர்வீஸ் கிளாஸுக்கும் இருந்தது. நடுவில் என்ன ஆனது? யாரோ பேக்கேஜ் பெயரை மாற்றியிருக்கிறார்கள். ஐடிஇ கிளாஸ்களை எல்லாம் ஒழுங்காக நகர்த்திவிட்டு, எந்த மெத்தட்களில் ஆஸ்பெக்ட் ஓட வேண்டும் என்று சொல்லும் பாயின்ட்கட்டில் வெறும் சரமாகக் கிடந்த பழைய பேக்கேஜ் பெயரை அப்படியே விட்டுவிட்டது. எந்த மெத்தடோடும் பொருந்தாத பாயின்ட்கட்டைப் பார்த்து ஸ்பிரிங் முகம் சுளிப்பதில்லை. பிழையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. ஆஸ்பெக்ட் பாட்டுக்கு ஒரு பீனாக (ஸ்பிரிங் உருவாக்கி வைத்திருக்கும் பொருளாக) உட்கார்ந்திருந்தது, அதை யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு டெஸ்ட்களும் ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். சர்வீஸ் டெஸ்டில், மாக் என்ற போலிப் பொருள்களைச் செய்துதரும் மாக்கிட்டோவின் இன்ஜெக்ட்மாக்ஸ் அனோட்டேஷன் இருந்தது. அது கிளாஸை நேரடியாக உருவாக்கிக் கொடுக்கும், ப்ராக்ஸி என்ற பேச்சே அங்கே இல்லை. ஆஸ்பெக்டின் டெஸ்டோ, அட்வைஸ் மெத்தடை (ஆஸ்பெக்டின் வேலையைச் செய்யும் மெத்தடை) ஒரு போலி ஜாயின்பாயின்ட் (இடைமறித்த அழைப்பின் விவரம்) கொடுத்துக் கையால் கூப்பிட்டுப் பார்த்தது. இரண்டு முனையும் தனித்தனியே சரி, நடுவில் இருந்த முடிச்சை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஸ்பிரிங் 4 காலத்தில் எக்ஸ்எம்எல்லில் தொடங்கி, ஸ்பிரிங்கைத் தானே அமைத்துத்தரும் பூட் 2, இப்போது பூட் 3 என்று எட்டு வருடமாக இதோடு குடும்பம் நடத்துகிறேன். ட்ரான்ஸாக்‌ஷன், கேஷ், அனுமதிச் சோதனை, மறுமுயற்சி, தணிக்கை எல்லாமே எங்கள் வெப் அப்ளிகேஷனில் ஏஓபி வழியாகத்தான் ஓடுகின்றன. பிடித்திருக்கிறதா என்றால், பிடித்திருக்கிறது. ஆனால் சிவப்பாக விழுந்த டெஸ்ட் எனக்குப் பெரிய தொல்லை தந்ததே இல்லை. ப்ராக்ஸியே இல்லாத இடத்தில் பச்சையாக நின்ற டெஸ்ட்கள்தான் தூக்கத்தைக் கெடுத்தன.

ஸ்பிரிங் கொடுக்கும் ப்ராக்ஸி இரண்டு வகை. இன்டர்ஃபேஸ் இருந்தால் ஜாவாவிலேயே உள்ள டைனமிக் ப்ராக்ஸி, இல்லையென்றால் நம் கிளாஸுக்கு ஒரு வாரிசு கிளாஸை ஓட்டத்தின்போதே உருவாக்கும் சிஜிலிப் ப்ராக்ஸி. முதல் வகையில் நம் கையில் கிடைப்பது இன்டர்ஃபேஸ்தான், நாம் எழுதிய கிளாஸ் அல்ல. டெஸ்டில் கிளாஸ் பெயரைச் சொல்லி ஆட்டோவயர் செய்தால் (ஸ்பிரிங்கிடம் பீனைக் கேட்டால்), எதிர்பார்த்த வகை இது, கிடைத்ததோ டாலர் குறியோடு தொடங்கும் ப்ராக்ஸி என்று ஸ்பிரிங் புலம்பும். முதல் இரண்டு வருடம் எனக்கு வந்த பிழைகளில் பாதி இதுதான்.

2018-இல் வந்த பூட் 2.0, சிஜிலிப்பையே இயல்பாக்கியது. அத்தோடு தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். ஒழியவில்லை, டெஸ்டுக்குள் குடிபெயர்ந்தது. அந்த இயல்பு பூட்டின் ஆட்டோ கான்ஃபிகரேஷனில் இருப்பது. டெஸ்ட் சீக்கிரம் ஓடட்டும் என்று பூட்டைத் தவிர்த்து, நாமே ஒரு சின்ன கான்ஃபிகரேஷன் கிளாஸ் எழுதி, எனேபிள் ஆஸ்பெக்ட்ஜே ஆட்டோப்ராக்ஸி என்று மட்டும் போட்டால், ஸ்பிரிங் 5-லும் 6-லும் இன்டர்ஃபேஸ் உள்ள பீனுக்கு ஜாவா ப்ராக்ஸிதான் வரும். அப்ளிகேஷனில் ஒரு வகை, டெஸ்டில் இன்னொரு வகை. அந்த அனோட்டேஷனில் ப்ராக்ஸி டார்கெட் கிளாஸ் என்பதற்கு ட்ரூ கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். ஒரு சொல் சேர்க்கும் வேலைதான், கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் ஆனது.

சிஜிலிப்புக்கும் தனிக் குணம் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் டீபக்கரை நிறுத்தி வைத்துக்கொண்டு, "அண்ணா, ரெப்போசிட்டரி நல் என்று காட்டுகிறது, ஆனால் கோட் ஓடுகிறதே?" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ப்ராக்ஸியின் ஃபீல்டுகளை. ஸ்பிரிங் 4.0 முதல் ஆப்ஜெனிசிஸ் உதவியோடு கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடாமலே ப்ராக்ஸியை உருவாக்குகிறார்கள். அதனால் ப்ராக்ஸிக்குள் ஃபீல்டுகள் எல்லாம் காலி, அசல் பொருள் பின்னால் தனியாக இருக்கிறது. சாதாரண மெத்தடைக் கூப்பிட்டால் ப்ராக்ஸி அதை அசலிடம் அனுப்பிவிடும். மெத்தட் ஃபைனலாக இருந்தால்? வாரிசு கிளாஸால் அதை மாற்றி எழுத முடியாது. மெத்தட் ப்ராக்ஸியின் மேலேயே ஓடும், காலியான ஃபீல்டைத் தொடும், நல் பாயின்டர் எக்ஸப்ஷன்.

இன்ஜெக்ட்மாக்ஸ் டெஸ்டில் இது தெரியவே தெரியாது, அங்கே அசல் பொருள்தானே கையில் இருக்கிறது. 2023-இல் வந்த மாக்கிட்டோ 5 முதல் ஃபைனல் கிளாஸையும் எந்த அமைப்பும் இல்லாமல் மாக் செய்யலாம் என்றாகிவிட்டதால், முன்பு மாக் செய்ய முடியாமல் போய்த் தற்செயலாகக் கிடைத்த எச்சரிக்கையும் போயிற்று. ஃபைனல் மெத்தடை ப்ராக்ஸி செய்ய முடியாது, நல் பாயின்டர் வரலாம் என்று ஸ்பிரிங் லாகில் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பல பதிப்புகளில், வழக்கமாக மூடியே இருக்கும் டீபக் மட்டத்தில்! யார் பார்ப்பது? டெஸ்ட் லாக் அமைப்பில் சிஜிலிப் ஏஓபி ப்ராக்ஸி என்ற அந்த ஒரு கிளாஸுக்கு மட்டும் டீபக்கைத் திறந்து வைத்திருக்கிறேன். காட்லினில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே கிளாஸ்கள் இயல்பாகவே ஃபைனல், ஸ்பிரிங்குக்கான கம்பைலர் ப்ளகின் போட்டால்தான் திறக்கும்.

அப்புறம், எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழி: ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிடுவது. ப்ராக்ஸி வாசலில் நிற்கும் காவலாளி. வீட்டுக்குள் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிறவரை அவர் எப்படி நிறுத்துவார்? உள்ளே கூப்பிடப்படும் மெத்தடின் மேல் எத்தனை அனோட்டேஷன் இருந்தாலும் வெறும் அலங்காரம்தான். இது பலருக்கும் தெரிந்த கதை. டெஸ்ட் இதை எப்படி மூடி மறைக்கிறது என்பதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை.

எங்களிடம் ஓர் அறிக்கை சர்வீஸ். வெளி மெத்தடில் அனோட்டேஷன் இல்லை, அது தன் கிளாஸிலேயே உள்ள ட்ரான்ஸாக்‌ஷனல் மெத்தடைக் கூப்பிடும், அந்த மெத்தட் ஆர்டரின் உருப்படிகளை லேஸியாக (தேவைப்படும்போது மட்டும் டேட்டாபேஸிலிருந்து) ஏற்றும். டெஸ்ட் பச்சை. திரையிலிருந்து கூப்பிட்டாலும் சரியாக வந்தது. ஒரு நாள் அதே சர்வீஸை இரவு ஓடும் ஷெட்யூல்டு ஜாப்பிலிருந்து கூப்பிட்டோம், லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸப்ஷன். காரணம் இரண்டு. வெப் ரிக்வெஸ்டில் பூட் இயல்பாகவே லேஸி ஏற்றத்துக்கு வேண்டிய ஹைபர்னேட் செஷனைக் கடைசி வரை திறந்து வைத்திருக்கும். டெஸ்டில் டெஸ்ட் கிளாஸின் மேலேயே ட்ரான்ஸாக்‌ஷனல் போட்டிருந்தோம், முடிவில் தரவு ரோல்பேக் ஆகட்டும் என்ற வசதிக்காக. அந்த வசதிதான் வினையானது. சர்வீஸ் தன் ட்ரான்ஸாக்‌ஷனைத் தொடங்கவே இல்லை, டெஸ்ட் தொடங்கிய ட்ரான்ஸாக்‌ஷனில் ஓசிச் சவாரி செய்திருக்கிறது.

அதிலிருந்து, ட்ரான்ஸாக்‌ஷன் எல்லையைச் சோதிக்கும் டெஸ்ட்களில் அந்த அனோட்டேஷனை வைப்பதில்லை. தரவைக் கையாலேயே துடைக்கிறேன், எரிச்சலான வேலைதான். சந்தேகம் வந்தால் உள் மெத்தடில் ட்ரான்ஸாக்‌ஷன் சிங்க்ரனைசேஷன் மேனேஜரிடம் உண்மையிலேயே ட்ரான்ஸாக்‌ஷன் நடக்கிறதா என்று ஒரு வரியில் கேட்டுப் பார்ப்பேன். தீர்வாக உள் மெத்தடை வேறு கிளாஸுக்கு மாற்றினோம். ஏஓபி கான்டெக்ஸ்டிலிருந்து தற்போதைய ப்ராக்ஸியை எடுத்துக் கூப்பிடும் குறுக்குவழியும் உண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. ப்ராக்ஸி இல்லாத சாதா யூனிட் டெஸ்டில் அந்த வரி இல்லீகல் ஸ்டேட் எக்ஸப்ஷன் வீசும். அதற்காக டெஸ்டை வளைக்க வேண்டிவரும்.

இத்தனை வருடத்தில் கையோடு ஒட்டிக்கொண்ட கருவி என்றால் ஆஸ்பெக்ட்ஜே ப்ராக்ஸி ஃபேக்டரி. ஸ்பிரிங் 2.0-விலிருந்தே இருக்கிறது, ஆனாலும் பல டீம்களில் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அசல் பொருளைக் கொடு, ஆஸ்பெக்டைச் சேர், ப்ராக்ஸியை வாங்கு, மூன்றே வரி. பீன்கள் எல்லாம் அடங்கிய ஸ்பிரிங் கான்டெக்ஸ்ட் எதுவும் ஏற வேண்டாம். முக்கியமாக, பாயின்ட்கட் உண்மையாகவே பொருத்திப் பார்க்கப்படுகிறது. எங்கள் தணிக்கைக் கதையில் இப்படி ஒரு டெஸ்ட் இருந்திருந்தால், பேக்கேஜ் மாறிய அன்றே சிவப்பு விழுந்திருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: கொடுக்கும் பொருளுக்கு இன்டர்ஃபேஸ் இருந்தால் இதுவும் ஜாவா ப்ராக்ஸியைத்தான் தரும், கிளாஸ் வகை வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். மற்ற ஆஸ்பெக்ட்களோடு சேர்ந்து எந்த வரிசையில் ஓடும் என்பதற்கு மட்டும் முழு கான்டெக்ஸ்ட்தான் வழி.

முழு கான்டெக்ஸ்ட் டெஸ்ட் அடம்பிடித்தால் முதல் வேலை, பீனை ஏஓபி யூட்டில்ஸிடம் கொடுத்து இது ப்ராக்ஸியா என்று கேட்பது. இல்லை என்று வந்தால், லாகில் 'நாட் எலிஜிபிள் ஃபார் ஆட்டோ ப்ராக்ஸியிங்' என்ற சொற்களைத் தேடுவேன். ஏதோ ஒரு பீன் போஸ்ட் ப்ராசஸர் (பீன்கள் உருவாகும்போது அவற்றை மாற்றியமைப்பது) நம் சர்வீஸைச் சீக்கிரமே இழுத்து எழுப்பியிருக்கும், ப்ராக்ஸி போடுகிறவர் வேலைக்கு வரும் முன்பே. வெப் அடுக்கை மட்டும் ஏற்றும் வெப்எம்விசி டெஸ்ட் போன்ற துண்டு டெஸ்ட் என்றால் காரணம் இன்னும் எளிது. அந்த ஸ்கேனில் சாதாரண காம்போனென்ட்கள் வராது, ஆஸ்பெக்டும் வராது, நாமே இம்போர்ட் செய்ய வேண்டும்.

இன்னும் எனக்கு ஒத்துவராதது ஸ்பைதான், அதாவது அசல் பொருளை வைத்துக்கொண்டே சில மெத்தட்களை மட்டும் போலியாக்குவது. ப்ராக்ஸி உள்ள பீனை ஸ்பையாக்கி, எந்த ஆர்டர் எண் வந்தாலும் இதைத் திருப்பிக் கொடு என்று எழுதினால், அப்படி எழுதும் அந்த அழைப்பே ப்ராக்ஸி வழியாகப் போகிறது. மாக்கிட்டோவின் எனி என்பது உள்ளே வெறும் நல். எங்கள் அனுமதி ஆஸ்பெக்ட் அந்த நல் எண்ணை வாங்கி, இவருக்கு இந்த ஆர்டரைப் பார்க்க உரிமை உண்டா என்று மும்முரமாகச் சோதிக்கப் போய், டெஸ்ட் தொடங்கும் முன்பே நல் பாயின்டரில் விழும். ஸ்பிரிங் 4.2-இல் வந்த ஏஓபி டெஸ்ட் யூட்டில்ஸால் அசல் பொருளை உரித்தெடுத்து, அதன் மேல் எழுதினால் ஓடுகிறது. ஒவ்வொரு டெஸ்டிலும் அந்த உரிக்கும் வரி ஒரு முறை வருகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் "இது எதற்கு?" என்று அதை அழித்துவிட்டு, பத்து நிமிடத்தில் திருப்பிப் போடுகிறார்கள்.