நாலு மணிக்கு மட்டும் திணறிய சர்வர்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் 11 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. ஆனாலும் லினக்ஸ் சர்வரைச் சரிசெய்து கொடுத்த ஒரு தம்பியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலைக்கு ஆள் தேடி நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டோம். அடுத்தவர் சுட்டுக்கொள்ள வேண்டாமே.

எங்கள் பில் மென்பொருள் பிரவுசரில் ஓடுவது. கல்லாவுக்கு மேலே மரப்பலகையில் சின்ன டவர் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதுதான் சர்வர், அதில் உபுண்டு என்ற லினக்ஸ். தராசுக்கு ஒன்றாக இரண்டு கம்ப்யூட்டர், என் மேசையில் ஒன்று. விவசாயியின் எண், பூ, எடை, விலை எல்லாம் தட்டிச் ‘சேமி’யை அழுத்தினால் சிட்டை வரும். வலையங்குளம், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கமிருந்து சாக்கும் கூடையுமாக வந்து இறங்குகிறவர்கள் அந்தச் சிட்டை கைக்கு வந்த பிறகுதான் டீக்கடைப் பக்கமே போவார்கள்.

போன ஐப்பசியில் தகராறு ஆரம்பித்தது. விடியற்காலை நாலு மணிக்கு மேல் ‘சேமி’யை அழுத்தினால் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து விநாடி, இருபது விநாடி, சில நாள் அரை நிமிடம். ஐந்து மணி தாண்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பூ மார்க்கெட்டில் அந்த ஒரு மணி நேரம்தான் உயிர். மல்லிகை மொட்டு வாய் திறப்பதற்குள் கை மாற வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு பில் போட முடியாமல் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தோம். அதைவிட மோசம், தராசில் நிற்கும் பையன் பொறுமையில்லாமல் இரண்டு தடவை அழுத்திவிடுவான். ஒரே சாக்குக்கு இரண்டு சிட்டை. வலையங்குளத்துப் பெரியவர் ஒருவருக்கு அப்படி இரட்டைப் பணம் போய், அவரே மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் அவரைப் போல இருப்பார்களா?

முதலில் கூப்பிட்ட சர்வீஸ்காரர்கள் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். அந்நேரம் எங்கள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். சர்வர் சிட்டாகப் பறந்தது. ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, “8 ஜிபியில 200 எம்பிகூட ஃப்ரீயா இல்ல மேடம், ரேம் பத்தல” என்றார்கள். இன்னொரு 8 ஜிபி போட்டோம். மறுநாள் நாலு மணிக்கு அதே வட்டம். அடுத்து, புது சர்வர்தான் வழி என்று 78,000 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன் வந்தது. முதலாளி அதை மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டார்.

அப்புறம்தான் பக்கத்து மண்டிக்காரர் சொல்லி இந்தத் தம்பி. தனி ஆள், கடை கிடையாது, அண்ணா நகர் பக்கம் வீட்டு மாடியிலிருந்து வேலை பார்க்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

போனிலேயே மூன்று கேள்வி கேட்டார். நாள் முழுக்க மெதுவா, குறிப்பிட்ட நேரத்திலா? எல்லாக் கம்ப்யூட்டரிலுமா, ஒன்றில் மட்டுமா? பழைய கணக்கைத் திறந்து பார்க்கும்போதா, புதிதாகச் சேமிக்கும்போதா? முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொன்னேன். மூன்றாவதை நான் யோசித்ததே இல்லை. மறுநாள் நாலரைக்குச் சோதித்துப் பார்த்தேன். பழைய பற்று வரவு கொஞ்சம் தயங்கினாலும் வந்துவிட்டது. சேமிப்பதுதான் மாட்டியது. இதைச் சொன்னதும், “அக்கா, பாதி வேலை நீங்களே முடிச்சிட்டீங்க” என்றார். ஐஸ் வைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

முதல் வருகை பகலில். நேர்மையாகச் சொன்னால் அன்று எங்களுக்கு எரிச்சல்தான். எதையும் மாற்றவில்லை. சிஸ்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சர்வரின் நாடித்துடிப்பை நிமிடத்துக்கு ஒருதரம் குறித்துவைக்கும்படி செய்தார். வழக்கமாக அது பத்து நிமிடத்துக்கு ஒருதரம்தான் குறிக்குமாம். பில் கணக்கெல்லாம் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸில் ஒரு விநாடிக்கு மேல் இழுக்கும் வேலைகளைத் தனியாக எழுதிவைக்கவும் ஏற்பாடு செய்தார். 800 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். “ஒண்ணுமே செய்யாம எண்ணூறா?” என்று முதலாளி என்னைத்தான் முறைத்தார்.

மூன்றாம் நாள் விடிகாலை 3.40-க்குத் தலையில் மப்ளரோடு மண்டியில் வந்து நின்றார். இதுவரை எந்த சர்வீஸ்காரரும் அந்நேரத்துக்கு வந்ததில்லை. கூடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு மடிக்கணினியைத் திறந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் ‘டாப்’ என்ற ஒன்றை ஓடவிட்டார். மேலே லோட் ஆவரேஜ், அதாவது ஓடுகிற, காத்துநிற்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை என்று மூன்று எண்கள்: கடைசி 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம். 3.50-க்கு முதல் எண் 0.2 என்று படுத்துக் கிடந்தது. நாலு அடித்துச் சில நிமிடங்களில் 5-ஐத் தாண்டியது. நான்கு கோர் கொண்ட இயந்திரத்துக்கு அது அதிகம்தானாம். ஆனால் பிராசசர் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. ‘டபிள்யூஏ’ என்ற கட்டத்தில் பாதிக்கும் மேல் காட்டியது, அதாவது டிஸ்க் பதில் சொல்லட்டும் என்று சும்மா காத்திருக்கிற நேரம். லினக்ஸில் அப்படி டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும் வேலைகளும் லோட் கணக்கில் சேருமாம். “தராசு காலியாத்தான் இருக்கு அக்கா. வண்டியில இருந்து சாக்கு இறங்க மாட்டேங்குது” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த ரேம் விஷயத்தையும் கேட்டேன். ‘ஃப்ரீ’ என்ற கட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாதாம். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் வீணாக்காமல், டிஸ்க்கில் படித்ததை அதில் போட்டுவைத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். ‘அவைலபிள்’ என்ற கட்டம்தான் நிஜக் கையிருப்பு. பழைய 8 ஜிபியிலேயே பாதிக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும் என்றார். அடுத்து ‘விஎம்ஸ்டாட்’ போட்டு, ரேம் பற்றாமல் டிஸ்க்கில் கடன் வாங்கும் இரண்டு கட்டங்களும் சுழியமாகவே ஓடுவதைக் காட்டினார். முதலாளி பக்கத்தில் இல்லாதது என் நல்ல நேரம்.

டிஸ்க்கின் பாட்டைக் காட்டும் ‘ஐஓஸ்டாட்’ பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம் திணறிக்கொண்டிருந்தது. யார் அதைப் போட்டு இழுப்பது என்று பார்த்தால் எங்கள் பில் இல்லை, பேக்கப்! டேட்டாபேஸ் முழுவதையும் நகல் எடுத்து, ஸ்கேன் செய்த பழைய சிட்டைகளையும் சேர்த்துச் சுருக்கி, அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது. சுழலும் வகை டிஸ்க், ஒரே முள்தான், அதுதான் படிக்கவும் வேண்டும் எழுதவும் வேண்டும். பழைய கணக்கு ரேமிலிருந்தே வந்துவிடுவதால் திறக்கிறது. பில்லைச் சேமிக்க வேண்டுமென்றால் அது டிஸ்க்கில் பதிந்தாக வேண்டும், அந்த வரிசையில் நின்று மாட்டுகிறது. போனில் கேட்ட மூன்றாவது கேள்வி எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது.

சரி, எந்தப் புண்ணியவான் பூ மார்க்கெட்டுக்கு விடிகாலை நாலு மணிக்கு பேக்கப் வைத்தது? நேரம் பார்த்து வேலையைத் தொடங்கும் கிரான் பட்டியலைத் திறந்தார். 22.30 என்று இருந்தது. “ராத்திரி பத்தரைக்குத்தானே தம்பி போட்டிருக்காங்க?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் ‘டேட்’ என்று தட்டினார். மண்டிச் சுவர்க் கடிகாரத்தில் 4.12. சர்வரில் 22.42, தேதியும் நேற்றையது. பக்கத்தில் யூடிசி என்று மூன்றெழுத்து.

உபுண்டு சர்வரை நிறுவும்போது நாமாக மாற்றாவிட்டால் கடிகாரம் உலகப் பொது நேரத்திலேயே நின்றுவிடுமாம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இரவு 10.30 என்று நினைத்து, சர்வரை நிறுவியவர்கள் எழுதியது எங்களுக்கு விடிகாலை 4.00. சிட்டையில் நேரம் சரியாக அச்சானதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, மென்பொருள் தானாகவே ஐந்தரை மணியைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் டேட்டாபேஸ் சின்னது, பேக்கப் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். யார் எப்போது எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று எழுதும் ஒரு அட்டவணை முதல் நாளிலிருந்தே கழிக்கப்படாமல் ஊதி ஊதி, இப்போது 50 நிமிடம் ஓடுகிறது.

இனி எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கடிகாரத்தையே மாற்றிவிடலாமே என்றேன். மாற்றினால் பழைய பில்களின் நேரம் குழம்பலாம், மென்பொருள் நிறுவனத்தைக் கேட்காமல் தொடமாட்டேன் என்றார். “உங்களுக்கு ஈ ஓட்டுற நேரம் எது?” என்று கேட்டார். மத்தியானம் இரண்டு. பேக்கப்பை 08.30-க்கு மாற்றினார், அதாவது நமக்கு 2.00 மணி. ஒவ்வொரு பில்லையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதாமல் விநாடிக்கு ஒருதரம் மொத்தமாக எழுதும்படி ஒரு அமைப்பு இருக்கிறதாம், மாற்றினால் இன்னும் வேகம் கூடும். அதை அவர் செய்யவில்லை. கரண்ட் போனால் கடைசி ஒரு விநாடியின் பில்கள் காணாமல் போகும், சிட்டை விவசாயி கையில் இருக்கும் கணக்கு நம்மிடம் இருக்காது என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

டேட்டாபேஸுக்கு மட்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டி, அதாவது முள்ளே இல்லாத வேகமான டிஸ்க், வாங்கச் சொன்னார். பழைய டிஸ்க் பேக்கப்புக்கு. ஒரே டிஸ்க்கில் இரண்டும் இருந்தால், அது செத்தால் இரண்டும் சேர்ந்து போகும். அவசரமில்லை, தை முகூர்த்தத்துக்கு முன்னால் செய்தால் போதும் என்றார். செய்துவிட்டோம்.

இரண்டாம் வருகைக்கு, அந்நேரத்துக்கு வந்ததற்கும் சேர்த்து, 2,500. ஆகமொத்தம் 3,300 ரூபாய். ஒரு வாரம் கழித்து அந்த சிஸ்ஸ்டாட் குறிப்பை எடுத்துக் காட்டினார்: முன்பு நாலு மணிக்கு 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்த டிஸ்க், இப்போது 10-ஐத் தாண்டவில்லை. தை முகூர்த்த நாளில், பனியால் வரத்து குறைந்து மல்லி விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கூட்டம் நெரித்தபோதும் சிட்டை தடையில்லாமல் வந்தது.

குறையும் உண்டு. என்ன செய்தேன் என்ற குறிப்பை முதலில் ஆங்கிலத்தில் கொடுத்தார். கேட்ட பிறகுதான் தமிழில் எழுதித் தந்தார், அது இப்போது கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. வேலை பார்க்கும்போது திரையோடுதான் பேசுவார், நாம் கேட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழும். பிரிண்டரைத் தொடவே மாட்டார், “அது என் வேலை இல்லக்கா”. இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு சிட்டை வரும் கோளாறு மென்பொருள் நிறுவனம் திருத்த வேண்டியது. அவர்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் எழுதி ஒரு மாதம் ஆகிறது.

கூப்பிடுவதாக இருந்தால் மாலை நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். காலையில் போனை எடுக்க மாட்டார், விடிய விடிய வேறு யார் கடையிலோ ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு அப்போதுதான் தூங்கப் போயிருப்பார். எண் வேண்டுமென்றால் பூ மார்க்கெட்டில் எந்த மண்டியில் கேட்டாலும் கொடுப்பார்கள்.