சோமென், சொபா, ஹருசாமே, சூக்கா மென்: குளிர்ந்த நூடுல்ஸ் சாலடுக்கு எது?

அக்காவுக்குச் சொபா, பக்வீட் என்ற தானியத்தில் செய்யும் நூடுல்ஸ். எனக்குச் சூக்கா மென், ராமெனில் வரும் மஞ்சள் நூடுல்ஸ். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை. அவரும் என்னைப் போலவே சமையலைப் பற்றி எழுதுபவர், டோக்கியோவுக்கு எனக்குப் பல வருடம் முன்னால் வந்தவர். சுத்த சைவம், முட்டைகூடச் சேர்க்கமாட்டார். ஜப்பானிய முறையில் ஒரு நூடுல்ஸ் சாலட் சேர்ந்து செய்து எழுதலாம் என்று கிளம்பி, முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டோம்.

"சாலடுன்னா சொபாதான். அதுக்குன்னு ஒரு வாசம் இருக்குல்ல?"

"எள்ளு அரைச்சு ஊத்தினா அந்த வாசம் எங்கேக்கா தெரியப்போகுது? மெல்லும்போது ஒரு இழுவை வேணும்."

பேசித் தீராது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நிஷி-கசாயில் என் வீட்டுச் சமையலறையில் நான்கு வகை நூடுல்ஸ், இரண்டு வகை டிரெஸ்ஸிங், எல்லாவற்றுக்கும் ஒரே காய்கறி என்று எட்டுக் கிண்ணங்களைப் பரப்பினோம். கலந்த கையோடு ஒரு வாய், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு வாய். இரண்டாவது வாய் வேண்டும் என்று கேட்டது நான்தான். சாலட் என்று நாம் செய்வது செய்த நிமிடத்திலேயே இலைக்கு வருவதில்லை. டப்பாவில் அலுவலகத்துக்குப் போகிறது, யார் வீட்டு விருந்துக்கோ ரயிலில் போகிறது, வெளியே போனவர் வரும்வரை மேசையில் காத்திருக்கிறது. அந்த நேரத்தைத் தாங்குமா என்று பார்க்காமல் நூடுல்ஸைத் தேர்ந்தெடுக்க முடியாது.

காய்கறியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புப் பிசறிப் பிழிந்த வெள்ளரிக் குச்சிகள், கேரட், ஊறவைத்த வகாமே கடற்பாசி, ஷிசோ இலை, துருவிய இஞ்சி. இங்கே வழக்கமாகப் போடும் ஹாமுக்கும் முட்டைக் கீற்றுக்கும் பதிலாக அபுரா-அகே, அதாவது பொரித்த தோஃபுத் துண்டு. எண்ணெய் விடாத வாணலியில் மொறுமொறுவென்று வாட்டிக் கீறிப் போட்டோம். ஹாம் இல்லாதது எனக்கு ஒரு வாய்கூடக் குறையாகத் தெரியவில்லை.

டிரெஸ்ஸிங்கில்தான் சைவக்காரர்களுக்குச் சங்கடம். கடையில் புட்டியில் வரும் மென்சூயு என்னும் நூடுல்ஸ் சாஸில் பெரும்பாலும் கத்ஸுவோபுஷி இருக்கும். அது சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டைபோலக் காயவைத்தது. நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். அதனால் முந்தின இரவே 300 மில்லி தண்ணீரில் 5 கிராம் கொம்பு என்னும் கடற்பாசியையும் இரண்டு உலர்ந்த ஷீதாகே காளானையும் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்திருந்தேன். கொம்புவின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்பதை இதே டோக்கியோவில் 1908இல் கண்டுபிடித்தவர் இகெதா கிக்குனாயே. உலர்ந்த காளானில் இருப்பது குவனிலேட். இரண்டும் சேரும்போது ருசி கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறும். மீன் இல்லாத குறையை இந்த ஜோடி தீர்த்துவிடுகிறது.

முதல் டிரெஸ்ஸிங் சோயா-வினிகர்: சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, அரிசி வினிகர் 3, சர்க்கரை ஒன்றரை, கொம்பு-காளான் ஊறல் 4, வறுத்த எள்ளெண்ணெய் ஒரு தேக்கரண்டி. இரண்டாவது எள்: வெள்ளை எள் 5 மேசைக்கரண்டியை வறுத்து, உள்ளே வரி வரியாகக் கீறியிருக்கும் சுரிபாச்சி உரலில் எண்ணெய் கசியும்வரை அரைத்து, சோயா 3, வினிகர் 2, சர்க்கரை 2, ஊறல் 3 சேர்த்துக் குழைத்தது. பலர் இதில் மயோனைஸ் சேர்ப்பார்கள். எள்ளை நன்றாக அரைத்தால் அது தேவையே இல்லை, அந்த வழவழப்பு எள்ளிலிருந்தே வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜப்பானியர் சாலடில் விடும் எள்ளெண்ணெயும் நம் நல்லெண்ணெயும் ஒரே வித்திலிருந்து வந்தாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. அவர்கள் எள்ளை வறுத்துப் பிழிகிறார்கள். நிறம் பழுப்பு, ஒரு துளியிலேயே வறுத்த மணம் வரும். நம்முடையது வறுக்காத எள்ளைச் செக்கில் கருப்பட்டியோடு ஆட்டி எடுப்பது. தோசைப் பொடிக்கு அதைவிட உயர்ந்தது எதுவும் இல்லை, ஆனால் இந்தச் சாலடில் அது வேறு ஊருக்குக் கூட்டிப்போய்விடும். வறுத்த எண்ணெய் கிடைக்காதவர்கள் நல்லெண்ணெயை அளவு கூட்டி ஊற்ற வேண்டாம். எள்ளை இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக வறுத்து அரையுங்கள். மணம் அதிலிருந்தே வரட்டும்.

இனி நூடுல்ஸ். எந்த வகையானாலும் வெந்ததும் தண்ணீரில் அலசி, ஐஸ் தண்ணீரில் போட்டு, சொட்டச் சொட்ட வடிக்க வேண்டும். கோதுமை நூடுல்ஸ் என்றால் துணி அலசுவதுபோல் கையால் உரசியே கழுவ வேண்டும். மேலே படிந்த மாவுக் கொழகொழப்பு போனால்தான் இழை இழையாக நிற்கும். ஐஸ் தண்ணீரில் இறுகவைப்பதை இங்கே 'ஷிமேரு' என்பார்கள். வடித்த பிறகு உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார் அக்கா. அப்படியும் இரண்டு கரண்டித் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் கிண்ணத்துக்குள் போயிருந்தால் டிரெஸ்ஸிங் சப்பென்று போயிருக்கும்.

சோமென் என்னும் மெல்லிய கோதுமை நூடுல்ஸை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ருசி போதாது என்பதற்காக இல்லை. நாராவின் மிவா, ஹியோகோ மாநிலத்தின் இபோ ஆற்றுப் பக்கம், ஷோதோஷிமா தீவு என்று கையால் இழுத்துச் சோமென் செய்யும் ஊர்களுக்குப் பெரிய பெயர் உண்டு. ஜப்பானியத் தர விதிப்படி இயந்திரச் சோமெனின் விட்டம் 1.3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் சேமியாவை நீளமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். கலந்த உடனே சோயா-வினிகரோடு தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. எள் டிரெஸ்ஸிங்கில் முதல் வாயிலேயே கூழாகப் பார்த்தது. ஒரு மணி நேரத்தில் இரண்டு கிண்ணத்திலும் ஒரே கட்டி, கரண்டியை நிறுத்தினால் நின்றது. ஐஸ் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டுத் தொட்டு உறிஞ்சிச் சாப்பிடப் பிறந்த நூடுல்ஸ் இது. அதைச் சாலடாக்குவது அதற்கே நியாயம் இல்லை.

சொபாவுக்கு வருகிறேன். அக்கா கொண்டுவந்தது நிஹாச்சி, அதாவது பக்வீட் மாவு எட்டுப் பங்கு, கோதுமை இரண்டு பங்கு. பெயரில் வீட் இருந்தாலும் பக்வீட் கோதுமை இனமே இல்லை. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்கு ரொட்டி தட்டுகிறார்களே, அந்தக் குட்டு மாவுதான். ஒட்டும் பசை அதில் கிடையாது, அதனால்தான் பிணைப்புக்குக் கோதுமை. கடையில் எடுக்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் எந்த மாவு முதலில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கோதுமை முதலில் இருந்தால் அதுதான் அதிகம். சொபாவின் நிறத்தில் ஒரு கோதுமை நூடுல்ஸுக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

கலந்த கையோடு சாப்பிட்ட அந்த முதல் வாய், சோயா-வினிகரில் சொபா, ஷிசோ, இஞ்சி: அன்று மேசையில் இருந்த எட்டுக் கிண்ணத்திலும் அதுதான் முதல். வறுத்த தானியத்தின் வாசம், பின்னால் லேசான கசப்பு, அதை வினிகர் தூக்கிக் கொடுத்த விதம். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே மென்றார். நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் எள் கலந்த சொபாவில் எள் மட்டும்தான் இருந்தது. நல்ல பாட்டுக்காரர் இருவரை ஒரே நேரத்தில் பாடச் சொன்ன மாதிரி. ஒரு மணி நேரம் கழித்து இரண்டு கிண்ணத்திலும் இழைகள் ஊறி, கரண்டி பட்ட இடத்தில் துண்டு துண்டாக உடைந்தன. "இதை யாருக்கும் எடுத்துட்டுப் போகக்கூடாது," என்று அக்காவே தள்ளிவைத்தார்.

எடுத்துப்போகக் கூடாததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பக்வீட் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குக் கடுமையாக வரக்கூடியது. ஜப்பானில் உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் சொபாவும் ஒன்று. பலர் கூடும் விருந்துக்குச் சொபா சாலட் கொண்டுபோனால் கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள். அதே பாத்திரத்தில், அதே தண்ணீரில் மற்ற நூடுல்ஸை வேகவைக்கவும் வேண்டாம். நாங்கள் சொபாவைக் கடைசியாக வேகவைத்தோம். வெந்த தண்ணீரை அக்கா கீழே ஊற்றவிடவில்லை. மிச்சமிருந்த சோயா-வினிகரில் அந்தச் சூடான சொபா-யுவை விட்டு ஆளுக்கு ஒரு கோப்பை குடித்தோம். வடித்த கஞ்சியின் அருமை தெரிந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

ஹருசாமே என்றால் வசந்த கால மழை. கண்ணாடிபோல் இருக்கும் அந்த இழைகளுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! ஜப்பானில் செய்வது பெரும்பாலும் உருளை, சர்க்கரைவள்ளி மாவுச்சத்தில். சீனத்திலிருந்து வருவது பாசிப்பயறு மாவுச்சத்தில். முதல் வகை சாற்றை வேகமாக உறிஞ்சும், சீக்கிரம் துவளும். பாசிப்பயறு வகை மெதுவாக உறிஞ்சும், விறைப்பு விடாது. எங்களிடம் இருந்தது உருளை வகை. தனக்கென்று ருசி கிடையாது, அதனால் முதல் வாயில் இரண்டு கிண்ணமும் ஏமாற்றம்தான். வழுக்கும் நூல், தனியே நிற்கும் புளிப்பு. ஒரு மணி நேரம் கழித்து அதே சோயா-வினிகர்க் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் ஒரு சொட்டுச் சாறு இல்லை. அத்தனையும் இழைக்குள் போயிருந்தது. வெள்ளரியின் தண்ணீர், இஞ்சியின் காரம், எல்லாமே சேர்ந்து. மற்ற மூன்றில் எதுவும் காத்திருந்து மேம்படவில்லை, இது ஒன்றுதான் காத்திருந்து தேறியது. இங்கே பள்ளிச் சாப்பாட்டிலும் கடையில் விற்கும் சமைத்த பதார்த்தப் பெட்டிகளிலும் ஹருசாமே சாலட் ஏன் இவ்வளவு புழங்குகிறது என்று எனக்கு அன்றுதான் பிடிபட்டது. எள் கிண்ணம் மட்டும் திகட்டியது.

என் பக்கத்து ஆள் சூக்கா மென். ராமென் கிண்ணத்தில் வரும் அதே மஞ்சள் நூடுல்ஸ். கன்சுயி என்னும் காரத் தண்ணீர் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பின் காரம்) சேர்த்துப் பிசைவதால் அந்த நிறமும் இழுவையும் வருகின்றன. கோடையில் இதைக் குளிரவைத்து மேலே வண்ண வண்ணமாகக் கீற்றுகள் அடுக்கினால் ஹியாஷி சூக்கா. சூடான நூடுல்ஸ் கோடையில் விற்காமல் போனதால் 1937இல் செந்தாய் நகரத்துச் சீன உணவகக்காரர்கள் உருவாக்கியது என்று ஒரு கதை உண்டு. டோக்கியோவின் ஜிம்போச்சோ பகுதி தன் பங்குக்கு வேறு கதை சொல்லும். சாலட் என்றே பெயர் வைத்தது வடக்குத் தீவான ஹொக்காய்தோ. அங்கே மதுக்கூடங்களில் 'ராமென் சாலட்' என்றே கேட்டு வாங்குவார்கள், 1985இல் சப்போரோவின் ஒரு ஹோட்டலில் தொடங்கியது.

அக்காவுக்காக வெண்கரு தூள் சேர்க்காத பாக்கெட்டாகத் தேடி எடுத்தேன். கூடவே வரும் சாஸ் பொட்டலத்தில் இறைச்சிச் சாறு இருந்ததால் அதை ஒதுக்கிவைத்தோம். சோயா-வினிகரில் இது சுமார்தான், சாறு அடியில் தங்கி நூடுல்ஸ் மொட்டையாக நின்றது. எள் கிண்ணத்தில் கதையே வேறு. அரைத்த எள் ஒவ்வொரு இழையிலும் ஏறி உட்கார்ந்தது, மெல்ல மெல்ல இனிப்பும் மணமும் வெளியே வந்தன. ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் பருத்திருந்தது, இழுவை போகவில்லை. ஒரு கரண்டி ஊறல் விட்டுக் கிளறியதும் இளகிக் கொடுத்தது. எள்ளைத் தாங்கும் தெம்பு இந்த ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

சூக்கா மென் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வழி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா போட்டு மெல்லிய ஸ்பகெட்டியை வேகவையுங்கள். சோடாவின் காரம் ஏறி ராமென் போல மஞ்சளாகி, இழுவையும் வந்துவிடும். பொங்கி வழியும், பெரிய பாத்திரமாக எடுங்கள். வெந்ததும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால்தான் சோடா வாடை போகும்.

ஆக, வீட்டில் இருவர், வடித்த கையோடு உட்காருகிறீர்கள் என்றால் சொபாவும் சோயா-வினிகரும். எள் டிரெஸ்ஸிங்தான் வேண்டும், அல்லது பத்துப் பேர் முன்னும் பின்னுமாக வருவார்கள் என்றால் சூக்கா மென். மதியத்துக்கு டப்பாவில் போக வேண்டும் என்றால் காலையில் கலந்த ஹருசாமே. மூன்றையுமே இருவர் பெயரிலும் எழுதுவதாக முடிவாயிற்று. மிச்சமிருந்த ஹருசாமேயை அக்கா ஒரு டப்பாவில் எடுத்துப்போனார்.

மறுநாள் காலை போன். "ஏம்மா, ராத்திரி ஃப்ரிட்ஜுல வச்சது வெள்ளையாப் போயி வெடவெடன்னு நிக்குது."

குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகினால் அப்படித்தான் ஆகும். "வெள்ளரிக்காயைப் பொறுக்கி எடுத்துட்டு மைக்ரோவேவ்ல இருபது செகண்ட் வைங்கக்கா, இளகிடும்."

"வச்சேன், இளகிடுச்சு. அதை மதியத்துக்குன்னு எடுத்து வச்சிட்டு, இப்போ சொபா அரைக் கட்டு அவிச்சுக்கிட்டேன்," என்றார். பேச்சுக்கு நடுவே உறிஞ்சும் சத்தம் கேட்டது.