கன்சைன்மென்ட்டுக்கு லென்ஸ் கொடுத்திருப்பவர்கள் இன்றே போய்த் திரும்ப வாங்குங்கள்

கன்சைன்மென்ட் என்றால், நம் பொருளைக் கடையில் விற்கக் கொடுத்துவிட்டு, விற்ற பிறகு காசு வாங்கிக்கொள்வது. அப்படிக் கொடுத்த என் லென்ஸுக்கு வர வேண்டிய தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். 5,400 வெள்ளி (ரிங்கிட்). இன்னும் என் கைக்கு வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இன்று மதியத்தோடு போய்விட்டது. கடையிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், கோபம் இறங்கவில்லை. இறங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். இறங்கிவிட்டால் நானும் மற்றவர்களைப் போல ‘சரி, போகட்டும்’ என்று வாயை மூடிக்கொள்வேன், அப்படி ஆளாளுக்கு மூடிக்கொண்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

கடையின் பெயரைப் போடவில்லை. போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது, நடுவர் மன்றத்தில் மனுவும் போட்டிருக்கிறேன், அதனால் இப்போதைக்குப் பெயர் வேண்டாம். கோலாலம்பூரில் ஒரு பழைய வணிக வளாகத்தின் மேல்மாடி, பயன்படுத்திய கேமராவும் லென்ஸும் வாங்கி விற்கும் சின்னக் கடை, அவ்வளவு போதும்.

போன பொருள் சோனி 70-200, எஃப்2.8. படம் எடுக்கிறவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், 70 முதல் 200 மில்லிமீட்டர் வரை ஜூம் செய்து, தூரத்தில் இருப்பதைக் குறைந்த வெளிச்சத்திலும் கிட்டே இழுத்து எடுக்கும் லென்ஸ். தைப்பூசத்துக்கு முன்பு, ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்படும். வழியெல்லாம் தேங்காய் மலைபோலக் குவிந்திருக்கும், தெருவிளக்கைத் தவிரப் பெரிய வெளிச்சம் கிடையாது, கூட்டத்தில் ஓர் அடி முன்னால் போகவும் முடியாது. அந்த இருட்டில் தள்ளி நின்றபடியே, தேங்காய் உடைக்கிற ஒருவரின் கையிலிருந்து தெறிக்கும் தண்ணீரை அப்படியே நிறுத்திப் பிடிக்க அந்த லென்ஸால் முடியும். ஒன்றரைக் கிலோ கனம். மூன்று வருடம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பத்துமலையின் 272 படியும் ஏறியிருக்கிறேன். ஒரு முறை படியில் இடித்து, லென்ஸை ட்ரைபாடில் மாட்டுவதற்கு அதன் அடியில் இருக்கும் காலில் அரிசி அளவு பெயிண்ட் போனது. லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹூட்டை இருட்டில் சரியாகத் திருகுவதற்கு அடையாளமாக என் மகள் தன் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதை நான் 6,200 வெள்ளிக்கு வாங்கினேன், அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். நான் கிடங்கில் சூப்பர்வைசர், இது ஒரு வருட ஓவர்டைம் காசு. இந்தப் பழக்கத்தில் செலவு கேமராவோடு நிற்காது. ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல், ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பையோடு அலமாரியில் வைத்துவிட்டேன். நம் ஊர் ஈரத்துக்கு ஆறே மாதத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் படர்ந்துவிட்டது. அப்புறம் டிரை கேபினெட் வாங்கினேன், ஈரப்பதம் 45 சதவீதத்தைத் தாண்டாமல் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, கோலா சிலாங்கூருக்கும் புக்கிட் ஃபிரேசருக்கும் போய்வர பெட்ரோல், டோல் என்று கணக்குப் பார்த்தால் வீட்டில் பேச்சு வளரும். என் மனைவி ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. இன்று அவரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டுக் கிளம்புவோம். ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஒரு தங்கை மருத்துவமனையில் தாதி, நைட் ஷிப்ட் முடித்த கையோடு கேமராப் பையோடு வந்து நிற்பார். புக்கிட் மெலாவத்தியில் வெள்ளி இலைக்குரங்குகளைப் பார்க்கப் போனபோது, ஆரஞ்சு நிறத்தில் பிறந்த குட்டியை அம்மா மடியில் வைத்திருந்தது, எல்லாருக்கும் அந்தப் படம் கிடைக்கட்டும் என்று ஒரே லென்ஸை ஏழு பேரும் கைமாற்றி எடுத்தோம். என் கேமராவில் ஷட்டர் போனபோது, லாரிக்கார அண்ணன் தன்னுடைய இரண்டாவது கேமராவை நாலு மாதம் கொடுத்து வைத்தார். எப்போது திருப்பித் தருவாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்களுக்குள் எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது, தேவையும் பட்டதில்லை.

அந்த வட்டத்துக்குள்தான் இந்தக் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். நம்ம ஆள்தான், நல்ல தமிழ் பேசுவார். இரண்டு ஞாயிறு எங்களோடு விடியற்காலையில் வந்தார், எல்லாருடைய ரொட்டி சானாய்க்கும் அவரே காசு கொடுத்தார். சென்சார் சுத்தம் செய்யப் போனால் காசு வாங்க மாட்டார்.

இந்த வருடம் பறவை பக்கம் போகலாம் என்று எனக்கு ஆசை. புக்கிட் ஃபிரேசரில் வெள்ளிக்காது மீசியாவை மற்றவர்கள் முகத்துக்கு நேராக எடுத்துக்கொண்டு வருகிறார்கள், என்னுடைய 200-இல் அது கடுகு மாதிரி தெரிகிறது. இன்னும் தூரத்துக்கு இழுக்கும் 200-600 லென்ஸ் வாங்க வேண்டும் என்றால் 70-200-ஐ விற்றுத்தான் ஆக வேண்டும். தைப்பூசம் முடிந்து மூன்றாவது சனிக்கிழமை கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும், கல்லாவுக்குப் பின்னால் சுவரில் என் படம். நான் எடுத்த ரதம் படம், பெரிதாக பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி. எனக்குச் சொல்லவே இல்லை. “அண்ணே, இந்த வருசத்துல நான் பாத்த படத்துலயே இதுதான் மனசுல நிக்குது, அதான் மாட்டிட்டேன்” என்றார். பதினொரு வருடமாகப் படம் எடுக்கிறேன், என் படத்தை யாரும் சுவரில் மாட்டியதில்லை. என் வீட்டில்கூட இல்லை. அந்த நேரத்தில் என் கண் கலங்கியது என்று இப்போது எழுதும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நேரடியாக விற்றால் 4,600தான் தர முடியும், கன்சைன்மென்ட்டுக்குக் கொடுத்தால் 5,400 உங்களுக்கு, அதற்கு மேல் போகிறது எனக்கு என்றார். சரி என்றேன். லென்ஸ், ஹூட், பெட்டி, பழைய ரசீது எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தேன். எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, “என்ன அண்ணே, நமக்குள்ள ரசீதா?” என்றார். சுவரில் என் படம் தொங்குகிறது, அவர் கையில் எனக்கு வாங்கி வந்த கோப்பி. இதற்கு மேல் கேட்டால் நான்தான் சின்ன மனிதன் என்று தோன்றியது. தன் பெயர் அட்டையின் பின்பக்கம் ‘70-200, 5,400’ என்று பேனாவால் கிறுக்கிக் கொடுத்தார். தேதி இல்லை, சீரியல் எண் இல்லை, கையெழுத்து இல்லை.

இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன், யாரும் கேட்கவில்லை என்றார். நாலாவது வாரம், ஈப்போவிலிருந்து ஒருவர் பார்த்தார், விலை படியவில்லை என்றார். ஆறாவது வாரம், மார்க்கெட் படுத்துவிட்டது, பொறுங்கள் என்றார். எட்டாவது வாரம், ஷோகேஸில் லென்ஸைக் காணோமே என்றேன், ஃபங்கஸ் பிடிக்காமல் உள்ளே கேபினெட்டில் வைத்திருக்கிறேன் அண்ணே, உங்க பொருளாச்சே என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பதாவது வாரம், சனிக்கிழமை இரவு. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடத்தில், மஸ்ஜித் ஜாமேக் பக்கம் நீல விளக்கு வெளிச்சத்தில் படம் எடுக்கப் போயிருந்தோம். ஆசிரியர் ஐயா புதிதாக ஒரு தம்பியைக் கூட்டி வந்திருந்தார், இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசிருக்கும், பூச்சோங்கில் தொழிற்சாலை வேலை. பையிலிருந்து லென்ஸை எடுத்து ஹூட்டைத் திருகினான். சிவப்புப் புள்ளி. நான் சும்மா பார்க்கிற மாதிரி வாங்கித் திருப்பினேன், காலில் அரிசி அளவு பெயிண்ட் போயிருக்கிறது. சீரியல் எண் என் போனில் இருந்தது, பார்த்தேன், ஒவ்வோர் எண்ணும் ஒத்துப்போனது. எப்போது வாங்கினாய் தம்பி என்றேன். ஏழு வாரம் ஆச்சு அண்ணே, 5,900, போனஸும் சேமிப்பும் போட்டு வாங்கினேன், எப்படி இருக்கு, நல்ல லென்ஸா என்று முகமெல்லாம் வெளிச்சமாகக் கேட்கிறான்.

நான் கொடுத்துப் பதினாறாவது நாளே விற்றிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் ஈப்போக்காரர், மார்க்கெட், கேபினெட், எல்லாம் வாயில் வந்த பொய்.

அன்றைக்கு அந்தத் தம்பியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல லென்ஸ், நன்றாகப் பார்த்துக்கொள் என்றேன். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, முழுக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான், அந்த லென்ஸ் அவனுடையது. மறுநாள் ஐயா மூலமாக விஷயம் தெரிந்து, அவனே போன் செய்து, தன் ரசீதைப் படம் பிடித்து அனுப்பினான். தேதியும் சீரியல் எண்ணும் அதில் தெளிவாக இருக்கின்றன. “அண்ணே, லென்ஸை வேணும்னா எடுத்துக்குங்க” என்றும் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் கடைக்காரர் பேசியதெல்லாம் என்ன?

திங்கட்கிழமை போனேன். கடைப் பையன் மட்டும் இருந்தான், பாஸ் தாய்லாந்தில் ஹாட்யாய் போயிருக்கிறார் என்றான். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. புதன்கிழமை, வெள்ளிக்கிழமை செக் தயாராகும் என்று செய்தி. வெள்ளிக்கிழமை, கணக்கு பார்க்கும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. அடுத்த வாரம், ரொக்கம் இப்போது இல்லை, ஒரு பழைய கேமரா தருகிறேன், கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம், 5,400 வெள்ளி வேண்டும் என்றேன். மாதம் 300 தருகிறேன் என்றார், அதற்கும் சம்மதித்தேன், எழுதிக் கொடுங்கள் என்றேன், அதோடு பேச்சு நின்றது. இன்று மதியம் அரைநாள் லீவு போட்டுப் போனேன். வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தமாக, “நீங்க எதாவது குடுத்ததா ரசீது இருக்கா? இருந்தா காட்டுங்க” என்றார். பெயர் அட்டையைக் காட்டினேன். இதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று கேட்டார். தம்பியின் ரசீதைக் காட்டினேன், அது வேறு கணக்கு என்றார். நிமிர்ந்து பார்த்தேன், சுவரில் என் படம் இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது.

என்னை இன்னும் அதிகமாக உறுத்துவது வேறு. வரும் வழியில் எங்கள் குழுவில் இதைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் தனியாக எழுதினார்கள். தாதித் தங்கையின் 35 மில்லிமீட்டர் லென்ஸ் அங்கே ஐந்து மாதமாகக் கிடக்கிறது, 1,300 வெள்ளி. இன்னொருவருக்கு விற்ற காசு வர நாலு மாதம் ஆனது, அதுவும் துண்டு துண்டாக. அந்தக் கடைக்கு எங்களைக் கூட்டிப்போன அண்ணனுக்கே அவர் 800 வெள்ளி தர வேண்டியிருக்கிறது, போன வருடத்திலிருந்து. யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்றால் கூட்டத்துக்குள் மனக்கசப்பு வேண்டாம் என்றார்களாம். வாரா வாரம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ என்று மணிக்கணக்கில் பேசினோமே, இந்த ஒன்றை ஒருவர் சொல்லியிருந்தால் என் 5,400 வெள்ளி போயிருக்காதே. அண்ணன் இப்போது தன் கைக்காசிலிருந்து 1,000 தருகிறேன் என்கிறார். வாங்க மாட்டேன் அண்ணே, சாட்சி சொல்ல வாருங்கள், அது போதும் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார்.

பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கு மனு போட்டுவிட்டேன், கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது இரவு மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். கன்சைன்மென்ட்டுக்குக் கொடுத்தால் தேதி, சீரியல் எண், தொகை, விற்றால் எத்தனை நாளில் காசு என்று எழுதி, கடை முத்திரையோடு வாங்குங்கள், முகம் சுளித்தால் பொருளை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். லென்ஸைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் பிடித்து வையுங்கள், என்னிடம் அது ஒன்றாவது இருந்தது. முன்பின் தெரியாதவர் கணக்கில் காசு போடும் முன் மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். போட்டு ஏமாந்துவிட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அழையுங்கள்.

அந்த மாடியில் உங்கள் பொருள் எதுவும் இருந்தால் நாளைக்கே போங்கள். கடை பதினொரு மணிக்குத் திறக்கும். தாதித் தங்கையோடு நானும் லாரிக்கார அண்ணனும் பத்தே முக்காலுக்குக் கீழே நிற்போம்.