ட்வீசரில் ஏறிய காந்தத்தை இறக்க: கட்டையா, நீலப் பெட்டியா?

பழைய எச்.எம்.டி. சாவி வாட்சுகளைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். ட்வீசரில் காந்தம் ஏறிவிட்டால் பொடி ஸ்க்ரூவை அதன் குழியில் வைக்கவே முடியாது. கையை எடுத்தால் கூடவே வந்துவிடும். வாட்சின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் கன்னாபின்னாவென்று வேகமாக ஓடும்.

அடுப்பில் காய்ச்சும் யோசனையை விட்டுவிடுங்கள். இரும்பு காந்தத்தை முழுதாக விடுவது 770 டிகிரி செல்சியஸில். அதற்கு வெகு முன்பே எஃகின் பதம் போய்விடும். சுத்தியலால் தட்டினால் காந்தம் கொஞ்சம் குறையும், ட்வீசர் முனையும் வளையும்.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் மொபைல் சர்வீஸ் சாமான்களோடு கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டை. உள்ளே நிலைக்காந்தம். ஒரு பக்கம் காந்தம் ஏற்ற, இன்னொரு பக்கம் இறக்க. விலை குறைவு, கரண்ட் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் முனையில் வேண்டுமென்றே காந்தம் ஏற்றிக்கொள்கிற மொபைல் மெக்கானிக்குக்கு இதுவே சரி.

இன்னொன்று, பட்டன் வைத்த நீலப் பெட்டி. உள்ளே கம்பிச்சுருள், வீட்டு பிளக்கில் சொருகினால் ஓடும். நான் வாங்கியது இதைத்தான். வாட்ச் வேலைக்கு வேறெதையும் சொல்ல மாட்டேன்.

காரணம் ஒன்றுதான்: காந்தம் எந்த அளவுக்கு இறங்குகிறது என்பது. கட்டை செய்வது, எதிர்த்திசையில் கொஞ்சம் காந்தம் கொடுத்து இருப்பதைக் கழிப்பது. எவ்வளவு கழிப்பது என்பது நம் கை ஓட்டத்தைப் பொறுத்தது. குறைந்தால் மிச்சம் நிற்கும், கூடினால் மறுபக்கமாக ஏறிவிடும். பெட்டியில் அந்தக் கணக்கே இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் காந்தப்புலம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ட்வீசரை மெல்ல விலக்க விலக்க, தள்ளுவதை நிறுத்திய ஊஞ்சல்போல இருபக்க வீச்சும் குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தில் நிற்கும்.

ட்வீசரைப் பெட்டிமேல் வைத்துப் பட்டனை அழுத்தினால் விரல்களில் கிர்ரென்று அதிர்வு தெரியும். அழுத்தியபடியே நேராக மேலே தூக்குங்கள். ஒரு முழத்துக்குமேல் போய், அதிர்வு அடங்கிய பிறகுதான் பட்டனை விட வேண்டும். பக்கத்திலேயே வைத்து விட்டுவிட்டால் அந்த நொடியில் இருந்த காந்தம் அப்படியே தங்கிவிடும். பெட்டி உபயோகமில்லை என்று சொல்கிறவர்களில் பலர் தவறுவது இங்கேதான். முழு வாட்சுக்கும் இதே முறை. சில நொடிகளுக்குமேல் அழுத்தாதீர்கள், சுருள் சூடேறும். ஏடிஎம் கார்டைத் தள்ளி வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதன் அருகே வரவே கூடாது.

தையல் கத்தரிக்கோல் மாதிரி கனமான சாமானுக்கு இந்தச் சின்னப் பெட்டி போதுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் அனுபவம் ட்வீசர், ஸ்க்ரூ டிரைவர், வாட்ச் அளவில்தான். வாங்கும்போது அடியில் 220 வோல்ட் அல்லது 230 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 110 வோல்ட் பெட்டியை நம் பிளக்கில் சொருகினால் சுருள் எரிந்துவிடும்.