மூன்று வருடமாகத் தண்ணீர் ஊற்றும் ஆட்டம்: ஒரு பள்ளி வேன்காரரின் அனுபவம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, இரண்டு தோட்டம், மூன்று தாமான் (குடியிருப்பு) சுற்றிப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டால் காலைப் பாடு முடிந்தது. மதியம் பன்னிரண்டே காலுக்கே போய் மர நிழலில் வேனைப் போட்டுவிட வேண்டும். தாமதமானால் வெயிலில்தான் இடம் கிடைக்கும். சின்ன வகுப்பு பன்னிரண்டே முக்காலுக்கு விடும், பெரிய வகுப்பு ஒன்றேகாலுக்கு. அந்த ஒரு மணி நேரத்தில்தான் மூன்று வருடமாக ஒரே ஆட்டத்தைக் கைப்பேசியில் ஆடி வருகிறேன். ஆட்டத்தின் பெயர் வேண்டாம். இதே மாதிரி நூறு ஆட்டம் இருக்கிறது, குறையும் நிறையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

வண்ணத் தண்ணீரைப் பிரிக்கும் ஆட்டம் இது. கண்ணாடிக் குழல்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் நான்கு அடுக்குத் தண்ணீர், நிறம் எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு குழலின் மேல் அடுக்கை, அதே நிறம் மேலே இருக்கிற இன்னொரு குழலிலோ காலிக் குழலிலோதான் ஊற்றலாம். காலிக் குழல் இரண்டு தருவார்கள். ஒவ்வொரு குழலிலும் ஒரே நிறம் சேர்ந்துவிட்டால் கட்டம் முடிந்தது. கடிகாரம் ஓடாது, எதிரி கிடையாது. ஊற்றும்போது ‘கிளுக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஒருத்திக்குத் தண்ணீர்ப் புட்டியைக் காணோம், ஒருவனுக்கு மூக்கில் ரத்தம். கைப்பேசித் திரையை அணைத்து மேலே வைத்துவிடுவேன். மறுநாள் எடுத்தால் நேற்று பாதியில் விட்ட குழல்கள் அப்படியே நிற்கும். ஏன் போனாய் என்று கேட்பதில்லை. பாதியில் கை விடலாம் என்ற அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் இத்தனை நாள் ஆடினேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அதிலேயே கை வைத்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதல் வருடம் மூன்று கட்டத்துக்கு ஒரு விளம்பரம் வரும், ஐந்து நொடியில் மூடிவிடலாம். குறையே இல்லை. இலவசமாகக் கொடுக்கிறவனுக்கும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? இரண்டாம் வருடம் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. அந்த விளம்பரத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் ஒரு படம் ஓடும். முடியும்போது மேல் மூலையில் ஒரு பெருக்கல் குறி, எறும்புத் தலை அளவுக்கு. இருபது வருடம் ஸ்டீயரிங் பிடித்த என் கட்டைவிரல் அதன் மேல் எங்கே சரியாகப் படும்? பட்டது பக்கத்தில், திறந்தது பிளே ஸ்டோர். திரும்பி வந்தால் இரண்டாவது பக்கம், அதிலும் ஒரு குறி, இந்த முறை வேறு மூலையில். அதை மூடினால் ஓர் அம்புக்குறி. ஒரு நாள் வேன் கடிகாரத்தைப் பார்த்தே கணக்கெடுத்தேன். கட்டத்தை முடிக்க 40 நொடி, விளம்பரத்திலிருந்து வெளியே வர 52 நொடி.

2022 செப்டம்பர் கடைசியில் கூகுள் பிளே ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டம் தொடங்கும் நேரத்தில் முழுத்திரை விளம்பரம் திடீரென்று குறுக்கே வரக் கூடாது. 15 நொடி கழித்தும் மூட முடியாத முழுத்திரை விளம்பரமும் கூடாது. பரிசுக்காக நாமே அழுத்திப் பார்க்கும் விளம்பரத்துக்கு இது பொருந்தாது. விதி நல்ல விதிதான். மூன்று பக்கமாகப் பிரித்துக் காட்டினால் ஒவ்வொரு பக்கமும் 15 நொடிக்குள் அடங்கிவிடுகிறது, அதுதான் சிக்கல்.

பரிசுக்குப் பார்க்கும் விளம்பரம் பற்றி எனக்குப் புகார் இல்லை. மாட்டிக்கொண்டால் ஒரு விளம்பரம் பார்த்துக் கூடுதல் குழல் ஒன்று வாங்கலாம். பார்ப்பதும் விடுவதும் என் இஷ்டம். ஆனால் 900 கட்டம் தாண்டிய பிறகு, அந்தக் கூடுதல் குழல் இல்லாமல் பல கட்டங்கள் எனக்கு முடியவில்லை. என் மூளை மந்தமா, கட்டத்தையே அப்படிப் போட்டார்களா என்று தெரியாமல் ஆடுவது ஓய்வு ஆகாது. கடைக்காரனின் தராசைச் சந்தேகப்பட்டுக்கொண்டே சாமான் வாங்குவது மாதிரிதான் அது.

விளம்பரத்தில் வருகிற ஆட்டம் வேறு, இறக்கினால் கிடைக்கிற ஆட்டம் வேறு. ராசா தண்ணீரில் மூழ்குவார், ஊசியை உருவிக் காப்பாற்ற வேண்டும். ஆடிக் காட்டுகிற கை வேண்டுமென்றே தப்பான ஊசியை உருவும். நமக்குக் கை பரபரக்கும். என் மனைவி அதை நம்பி இறக்கினாள். உள்ளே மூன்று பழம் சேர்க்கிற பழைய ஆட்டம்தான் இருந்தது. ராசாவைக் காணோம். 2020-இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு இப்படிப்பட்ட இரண்டு விளம்பரங்களைத் தடை செய்தது. தடை அங்கே. இங்கே ராசா இன்னும் மூழ்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, காசு கொடுத்தே விடுவோம் என்று ஒரு நாள் 12 வெள்ளி (ரிங்கிட்) 90 சென் கட்டினேன். மீ கோரெங்கும் தே தாரிக்கும் மாதிரி ஒரு வேளைச் செலவு. மூன்று வருடம் ஆடும் பொருளுக்கு இது அதிகமில்லை. நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது. அடுத்த எட்டு மாதம் நிம்மதி. நம் ஆட்கள் ஆட்டத்துக்கெல்லாம் காசா என்று சிரிப்பார்கள். மாதம் ஐந்து வெள்ளி டேட்டாவை விளம்பரம் தின்றால் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

டேட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்து உள்பாதையில் செம்பனைக்கு நடுவே லைன் ஒரு கோடு காட்டினால் பெரிய விஷயம். ஆரம்பத்தில் லைனே இல்லாமல் ஆட்டம் ஓடியது. மழை வந்து பாலத்தில் தண்ணீர் ஏறி, வேனைத் திருப்ப முடியாமல் அங்கேயே முக்கால் மணி நேரம் நின்ற நாளில் அதுதான் துணை. பிறகு ஒரு புதுப்பிப்பு வந்தது. ‘இணைய இணைப்பைச் சரிபாருங்கள்’ என்று சொல்லிவிட்டு உள்ளேயே விடவில்லை. தண்ணீரை ஒரு குழலிலிருந்து இன்னொரு குழலுக்கு ஊற்றுவதற்கு எதற்கு இணையம்? விளம்பரம் வராதே என்பதற்காகத்தான். காசு கட்டிய எனக்கும் கதவு அடைப்பு.

அதே புதுப்பிப்பில் தீச்சுடர் ஒன்றும் வந்தது. தினமும் ஆடினால் சுடரில் எண் ஏறும். 140 நாள் ஏறியது. மாமனார் இறந்து கருமாதி முடிகிறவரை கைப்பேசியைத் தொடவில்லை. எடுத்தபோது சுடர் அணைந்திருந்தது, அழுகிற முகம் ஒன்று, விளம்பரம் பார்த்தால் திரும்ப ஏற்றித் தருகிறோம் என்று ஒரு பொத்தான். இழவு வீட்டிலிருந்து வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ராத்திரி பதினொரு மணிக்கு ‘உங்கள் குழல்கள் காத்திருக்கின்றன’ என்று அறிவிப்பு வேறு. குழல் காத்திருக்கட்டும். காத்திருக்கத்தானே அதை வைத்திருக்கிறேன். அறிவிப்பை அணைத்த பிறகு தொல்லை பாதி குறைந்தது. இதுமாதிரி ஆட்டம் இறக்குகிறவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

பெரிய அடி போன வருடம். கைப்பேசி சூடாகிச் செத்துவிட்டது. புதிது வாங்கிய கடையில் தம்பி புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுத்தார். 1,847-ஆம் கட்டத்தில் இருந்தவன் ஒன்றாம் கட்டத்துக்கு வந்தேன். கட்டிய காசு பழைய கூகுள் கணக்கோடு ஒட்டியிருந்தது. அதன் கடவுச்சொல்லை மகன் ஒரு வாரம் போராடி மீட்டதும் விளம்பரம் நின்றது. கட்டங்கள் மட்டும் வரவில்லை. அவை பழைய கைப்பேசிக்குள்ளேயே இருந்தன, அதோடு போய்விட்டன. முதல் இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் ஒன்றாம் கட்டத்திலும் தண்ணீர் அதே ‘கிளுக்’ சத்தத்தோடுதான் விழுந்தது. இப்போது 260-இல் இருக்கிறேன்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. எனக்குப் பின்னால் வேன் போடுகிற அண்ணனுக்கும் இந்த ஆட்டத்தைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே மாதிரியாம். இருபது வருடப் பழக்கம், எனக்கு அன்றுதான் தெரியும். பெண்களைவிட ஆண்களிடம் இது அதிகம். சில ஆட்டங்களில் அமைப்புக்குள் போனால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வடிவம் போட்டுக்கொள்ளலாம், நட்சத்திரம், கோடு, புள்ளி என்று. கண் நன்றாக இருக்கிறவர்களுக்கும் உச்சி வெயிலில் அது உதவுகிறது. அண்ணன் இப்போது அப்படி ஒன்றில்தான் ஆடுகிறார், என்னைவிட வேகம்.

மாற்றுக்கு இரண்டு பார்த்தேன். 2048 என்று எண்களை நகர்த்திச் சேர்க்கிற ஆட்டம். 2014-இல் கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் ஒரு வார இறுதியில் எழுதி, நிரலையும் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதனால் நகல்கள் ஏராளம், விளம்பரம் இல்லாததும் தேடினால் கிடைக்கும். நல்ல ஆட்டம், ஆனால் பலகை நிறைய நிறைய எனக்கு மூச்சு முட்டுகிறது. இன்னொன்று சைமன் டாதம் என்ற ஆங்கிலேய நிரலாளரின் புதிர்த் தொகுப்பு. கோலாலம்பூரில் இருக்கிற அக்காள் மகன் போட்டுக் கொடுத்தான். நாற்பது புதிர், விளம்பரம் ஒன்றுகூட இல்லை, காசு இல்லை, லைன் வேண்டாம், செய்ததைப் பின்வாங்க எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். இந்தக் கட்டுரையில் நான் கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது. முகம் மட்டும் கணக்கு வாத்தியார் முகம். சாம்பல் கட்டங்களைப் பார்த்ததும் மனைவி, ‘பரீட்சை மாதிரி இருக்கே’ என்று கொடுத்துவிட்டாள். பொறுமை உள்ளவர்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான்.

கடைசியாக அம்மா. எழுபத்தொரு வயது, முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கண் புரைக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் தவணை. காலை எட்டு மணி நம்பருக்குப் பதினொன்றுக்குக் கூப்பிடுவார்கள் என்பதால், மரக்கட்டை அடுக்குகிற ஆட்டம் ஒன்றை இறக்கிக் கையில் கொடுத்தேன். எட்டுக்கு எட்டுக் கட்டம், ஒரு நேரத்துக்கு மூன்று கட்டை. குறுக்கிலோ நெடுக்கிலோ ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் செய்த டெட்ரிஸின் பேரப்பிள்ளைதான் இது. ஆனால் டெட்ரிஸில் கட்டை மேலிருந்து விழும், போகப் போக வேகம் கூடும். இதில் கட்டை கீழே சும்மா கிடக்கும், நாம் எடுக்கிறவரை.

அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வரிசையை அவர் ‘நிரை’ என்றார், தோட்டத்தில் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பார்களே, அந்த நிரை. ‘ஏன்டா தம்பி, நிரை முடிச்சா மரமே காணாமப் போவுது?’ என்று சிரித்தார். திரையில் எண்கள் ஏறுவதைக் காட்டி, இதுதான் புள்ளி என்றேன். ‘அது எனக்கு எதுக்கு? பால் நிறுக்கவா போறோம்?’

எழுத்துப் படிக்கத் தேவையில்லாதது, பெரிய கட்டம், சத்தம் போடாதது. அம்மாவுக்குப் போதுமானது அவ்வளவுதான். அவர் சின்ன வயதில் லயன் வீட்டு வாசலில் பதினான்கு குழி தோண்டி, ரப்பர் கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடியவர். கம்பத்து (மலாய்க் கிராமத்து) பிள்ளைகள் அதையே இரண்டு முனையிலும் பெரிய குழி வைத்துச் சொங்காக் என்று ஆடுவார்களாம். பாதி ஆட்டத்தில் வீட்டில் கூப்பிட்டால் எழுந்து போய்விடுவார்கள். கொட்டை குழியிலேயே கிடக்கும், கோழி வந்து கலைத்தால்தான் உண்டு.

நம்பர் கூப்பிட்டபோது அம்மா பாதி ஆட்டத்தில் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கண்ணில் மருந்து விட்டு அனுப்பினார்கள், வெளியே வந்தபோது எல்லாம் மங்கல். வேனில் ஏறியதும் கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

‘பத்திரமா வை. நீ தொடாதே, அந்த நீளக் கட்டைக்கு ஓரத்துல இடம் விட்டு வச்சிருக்கேன்.’

மறுநாள் பசியாறிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதை அங்கே வைத்தார்.