ஊசி போட்ட கை நன்று, அச்சிட்ட தாள் போதாது: ஒரு இரத்தப் பரிசோதனை நிலையம்

மகளுக்குப் பத்து நாட்களாக மாலையானால் 100, 100.4 என்று காய்ச்சல் ஏறுவதும், விடியும்போது வியர்த்து இறங்குவதுமாக இருந்தது. உடல் வெப்பம் இயல்பாகவே மாலையில் சற்றுக் கூடும் என்பதால் முதல் சில நாட்கள் நானும் பொருட்படுத்தவில்லை. பிறகு மருத்துவர் டைபாய்டுக்கான வைடால் சோதனையும், இரத்தத்திலிருந்து கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இரத்தக் கல்ச்சரும் எழுதித் தர, அருகிலுள்ள நிலையத்தை வீட்டுக்கே வரச் சொன்னோம்.

வந்த பெண்ணை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஊசியை எடுப்பதற்கு முன்பே, "ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்தீர்களா அம்மா?" என்று கேட்டார், மாத்திரை உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளரும் வாய்ப்புக் குறைந்துவிடும். கையை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயும்வரை காத்திருந்தார். கல்ச்சர் பாட்டிலின் ரப்பர் மூடியையும் தனியே துடைத்தார்.

குறை மறுநாள் தொடங்கியது. தொலைபேசியில் "டைபாய்டு பாசிட்டிவ்" என்றார்கள். தாளில் ஓ 1:80, எச் 1:160 என்ற எண்களும், கொட்டை எழுத்தில் அந்த ஒற்றைச் சொல்லும் மட்டுமே இருந்தன. ஸ்லைடு (கண்ணாடித் தகடு) முறையா, டியூப் (சோதனைக் குழாய்) முறையா என்ற குறிப்பும் இல்லை. வைடால் கிருமியைக் காட்டுவதில்லை. அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளையே காட்டுகிறது. ஓ, எச் என்பவை கிருமியின் இரு வேறு பகுதிகளுக்கு எதிரானவை. 1:80 என்றால், சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) 80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும், சோதனைக்காகச் சேர்த்த கிருமிகள் ஒன்றாகத் திரள்வது தெரிந்தது என்று பொருள். டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊர்களில் நலமாக இருப்பவர்களிடமும் இந்த அளவு காணப்படுவதுண்டு. எச் அளவோ பழைய தொற்றுக்குப் பிறகும் நெடுநாள் நீடிக்கக்கூடியது. என் மகளுக்குச் சிறுவயதில் டைபாய்டு வந்திருந்ததை அவர்கள் கேட்கவே இல்லை.

மருத்துவர் அவசரப்பட்டு மாத்திரை தொடங்கவில்லை. பத்து நாள் கழித்து எடுத்த இரண்டாவது சோதனையில் அளவு நான்கு மடங்கு, அதாவது 80 என்பது 320 ஆக, உயர்ந்திருந்தால்தான் சந்தேகம் வலுக்கும் என்றார். அது அசையாமல் அப்படியே இருந்தது. கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. அது மட்டுமே டைபாய்டு இல்லை என்பதற்குச் சான்றாகாது என்றும் அவர் சொன்னார். பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்தபோது சிறு நெறிக்கட்டி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அதை ஊசியால் எடுத்துச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்து, இப்போது ஆறு மாத மருந்து நடக்கிறது.

இரத்தம் எடுக்க இனியும் அவர்களையே அழைப்பேன். சோதனை முறை, இயல்பான வரம்பு, "ஒரே ஒரு வைடாலை வைத்து முடிவு செய்யக்கூடாது" என்ற ஒரு வரி, இம்மூன்றையும் தாளிலேயே அச்சிட வேண்டும் என்று அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.