வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்றி மராமத்துக்கு டாப்-அப் வாங்கினோம்: இரண்டு வருட அனுபவம்

திருச்சியில் 2013-ல் கட்டிய வீடு. மொட்டை மாடி ஒழுகி ஹால் சீலிங் பூச்சு உதிர ஆரம்பித்தது, பாத்ரூம் பைப்புகளும் போய்விட்டன. மேஸ்திரி கொடுத்த எஸ்டிமேட் 6 லட்சம். பர்சனல் லோன் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் ஏற்கெனவே 22 லட்சம் பாக்கி, வட்டி 9.5 சதவீதம், இன்னும் 12 வருடம். 2024 தொடக்கத்தில் கடனை ஒரு அரசு வங்கிக்கு 8.5-க்கு மாற்றி, கூடவே டாப்-அப்பும், அதாவது அதே வீட்டின் அடமானத்தில் கூடுதல் கடனும், கேட்டோம்.

எனக்கு வட்டி வித்தியாசத்தைவிட முக்கியமாகப் பட்டது வேறு. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் (மாறும் வட்டி) வீட்டுக்கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) மாதிரியான வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவர்களே வைப்பதுதான் அடிப்படை விகிதம். ஏறும்போது உடனே ஏறும், இறங்குவதற்கு நாம்தான் போய் நிற்க வேண்டும். முன்கூட்டியே அடைக்கும் கணக்குச் சீட்டு கேட்ட பிறகுதான் பழைய இடத்தில் "சார், ரேட்டைக் குறைச்சுத் தர்றோம்" என்று போன் வந்தது! ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை அடைக்க அபராதம் கிடையாது, அதனால் தைரியமாகக் கிளம்பினோம்.

புது வங்கி முதலில் நீட்டிய தாளில் தவணை 19,100 ரூபாய் என்றிருந்தது. பழையது 25,660. ஆஹா என்று தோன்றும், ஆனால் காலம் 20 வருடமாகியிருந்தது. கூட்டிப் பார்த்தால் பழைய கடனைவிட 9 லட்சம் அளவுக்கு அதிகம். அதே 12 வருடத்துக்குப் போடச் சொன்னோம். தவணை 24,420, மாதம் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் மிச்சம், அவ்வளவுதான். உண்மையான லாபம் அதுதான்.

மதிப்பீட்டு இன்ஜினியர் டேப்போடு மாடிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். "இந்த ரூம் பிளான்ல இல்லையே?" அனுமதி வரைபடத்தில் இல்லாத அந்த அறையை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மனை மதிப்பு கைகொடுத்ததால் டாப்-அப் குறையவில்லை. மாடியில் ஷெட், அறை என்று சேர்த்திருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மராமத்துக்காக மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். புது வங்கி பழைய கடனை அடைத்துவிடும், ஆனால் டாப்-அப் பணம் அன்றே வராது. எங்கள் வங்கியில் மூலப்பத்திரங்கள் வந்து, பழைய அடமானம் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகி, வில்லங்கச் சான்றிதழில் அது தெரிந்து, புது எம்.ஓ.டி.யும் (பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து எழுதும் அடமான ஆவணம்) பதிவான பிறகே கொடுத்தார்கள். பழைய நிறுவனம் பத்திரத்தைத் தர இழுத்தடித்தது. கடன் முடிந்த 30 நாளில் ஆவணங்களைத் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி மெயில் போட்டதும் வேகம் வந்தது. அதுவரை மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் மாடி வேலை முடிய வேண்டுமானால் தை, மாசியிலேயே விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், லீகல், மதிப்பீடு, பிராசசிங் எல்லாம் சேர்த்தால் முதல் வருட மிச்சத்தை விழுங்கிவிடும். கடனோடு ஒட்டிக் கொடுக்கும் இன்சூரன்ஸை வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னோம். மராமத்து பில்களை எடுத்து வைத்திருக்கிறோம். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டின் மராமத்துக் கடன் வட்டியில் 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு.

2025-ல் ரெப்போ 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியபோது எங்கள் வட்டியும் கேட்காமலேயே 7.25 ஆனது. தவணையைக் குறைக்காமல் விட்டதால் காலம் சுருங்கிக்கொண்டு வருகிறது. டாப்-அப்புக்கு மட்டும் அரை சதவீதம் கூடுதல்.

கடன் முடிய நாலைந்து வருடமே இருந்தால் இந்த அலைச்சலே வேண்டாம். ஏற்கெனவே ரெப்போ கடனில் இருப்பவர்கள் முதலில் தங்கள் வங்கியிலேயே டாப்-அப் கேளுங்கள். பத்திரம் அங்கேயே இருப்பதால் பாதி வேலை மிச்சம்.